சிவப்புக் கோடு வரைக்கும் கடல்

திண்டிவனத்தில் கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் மரக்காணம் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம், பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும், எங்கள் வீட்டு முன்னறையில் ஆறடி நீளத்துக்குக் கடல் நின்றுகொண்டிருந்தது. அது அம்மாவின் கட்டில் கிடந்த இடம். கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாத்திவிட்டு, மீனுக்கு மெத்தை, மனுஷிக்குப் பாய் என்று அம்மா சொன்னாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. சண்டை போடவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அப்பாவுக்கு அரக்கோணத்தில் வேலை, மாசம் இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டு ஆம்பிளை சித்தப்பாதான். சித்தப்பா மீன் வேன் ஓட்டினார். கோழி கூவுமுன் கிளம்பி மரக்காணம் பக்கத்துக் குப்பங்களுக்குப் போய், மீனையும் ஐஸையும் ஏற்றி, திண்டிவனம் வழியாக விழுப்புரம் மார்க்கெட்டில் ஏழு மணிக்குள் இறக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்தப் பாடு. அதனால் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவார். ரேஷன் வரிசையில் நின்றபடி தூங்குவார். கல்யாணப் பந்தியில் இலையில் கை வைத்தபடியே தூங்கி, பின்னாலே நின்ற பந்திக்காரர்களிடம் வசவு வாங்கியிருக்கிறார். கண்ணைத் திறந்தா ஸ்டீரிங், மூடினா தூக்கம், நடுவுல பொழைப்பு எங்க இருக்குது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தத் தை மாதம் வண்டியிலேயே கண் அசந்து ஒரு புளியமரத்தை உரசிவிட்டார். அவருக்கு அடியில்லை. வேன் கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. "அடுத்த தபா மரம் தள்ளி நிக்காது தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியிருக்கும்போதுதான் விழுப்புரத்து ஓட்டல் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. சித்தப்பா தினமும் மீன் இறக்கும் ஓட்டல் அது. முதலாளி பம்பாய் போய்வந்திருந்தார். அங்கே ஒரு ஓட்டலில் பெரிய கண்ணாடித் தொட்டியில் உயிரோடு கடல்மீன் நீந்துவதைப் பார்த்திருக்கிறார். ஆவணியில் திறக்கப்போகும் தன் புது பேமிலி ரூமிலும் அது வேண்டும் என்றார். மீனைப் பார்த்துக்கொண்டே மீன் தின்பதில் மனுஷனுக்கு என்ன சந்தோஷமோ. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி ஆறடித் தொட்டி செய்துவிட்டார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை. மெட்ராஸிலிருந்து வந்தவன், கடல் தண்ணீரென்றால் நமக்கு ஆவாது என்று கும்பிடு போட்டுப் போய்விட்டான்.

சித்தப்பா கை தூக்கினார். பேச்சு இதுதான்: தொட்டி எங்கள் வீட்டில் இருக்கும், ஆவணி வரைக்கும் மீன் சாகாமல் இருந்தால் தொட்டியோடு சித்தப்பாவும் ஓட்டலுக்குப் போவார். தொட்டிக்குப் பொறுப்பாளர், மாசச் சம்பளம். தொட்டி ஏன் இங்கே என்று அம்மா கேட்டதற்கு, முதலாளி சொன்னதைச் சித்தப்பா அப்படியே ஒப்பித்தார்: செத்தா உங்க வூட்ல சாவட்டும், ஓட்டல்ல செத்து மெதந்தா யாரு வந்து சாப்புடுவா.

"உக்காந்த எடத்துல வேலை அண்ணி" என்றார் சித்தப்பா. அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா கட்டிலைப் பிரித்தாள்.

பிளாஸ்டிக் டிரம்களில் கடல் வந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறங்கியது. காற்றுக் குமிழி விட மெட்ராஸிலிருந்து ஒரு மோட்டார். கரண்டு போனால் என்ன செய்வது என்பதற்கும் சித்தப்பா வழி வைத்திருந்தார். ஒரு லாரி டியூபில் காற்றடித்து மூலையில் வைத்திருப்பார். கரண்டு போனதும் அதன் வால்வை லேசாகத் திறந்து குழாயைத் தண்ணீரில் விட்டால் அரை மணி நேரத்துக்குக் குமிழி வரும். டிரைவர் மூளை.

ஆனால் மீன் தேர்ந்தெடுப்பதற்கு அந்த மூளை போதவில்லை. ஜவுளிக்கடையில் புடவை எடுக்கிற மாதிரி எடுத்தார். கரைவலையில் உயிரோடு வந்ததில் எது மினுங்கியதோ, எது கோடும் புள்ளியுமாக இருந்ததோ, அதெல்லாம் வந்தது. இரண்டு நண்டு, ஒரு சிங்கி இறால், புள்ளி போட்ட களவாய் மீன் ஒன்று, வெள்ளிப்பொடியாய் ஒரு கூட்டம், குட்டிப் பேத்தை மீன் ஒன்று. சாயங்காலம் எண்ணினேன், இருபத்து மூன்று. காலையில் பதினான்கு. மூன்றாம் நாள் நான்கு. களவாய் மட்டும் முதல் பந்தியில் சாப்பிட்டவரைப் போல மூலையில் கனத்துக் கிடந்தது.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்கார அக்கா கூடையோடு சித்தப்பாவின் வேனில் திண்டிவனம் வந்து தெருத்தெருவாக விற்பாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"மீனுக்குச் சோறு போடற வூட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "தின்றதுக்கு வாங்கினா செவுளப் பாரு தம்பி. வெச்சிப் பாக்க வாங்கினா வாயப் பாரு. இது வாயில அது பூந்துக்கினா, அது மீனு இல்ல. இரை."

நான் எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்தவள் இல்லை. இப்படி யாராவது போகிறபோக்கில் சொன்னதைப் பொறுக்கி வைத்துக்கொண்டுதான் என் பிழைப்பு ஓடியிருக்கிறது. அதில் இந்த வாய்ப் பேச்சுக்கு முதல் இடம். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களைக்கூட அம்மா வாயைப் பார்த்துத்தான் எடை போட்டாள்.

அக்கா சொன்னபடி களவாய் குழம்புக்குப் போனது. நண்டும் போனது. அவளே குப்பத்தில் சொல்லிவைத்து ஐந்து ஓரா மீன் கொடுத்தனுப்பினாள். பாசியை மேய்கிற மீன், மாடு மாதிரி, யார் வம்புக்கும் போகாது என்றாள். நாலு மடவைக் குஞ்சு. பேத்தையை மட்டும் எடுத்து வெளியே போடச் சொன்னாள். தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது, வலையில் வந்தால் மணலில் வீசுகிற மீன், அதற்கென்ன மரியாதை என்று கேட்டாள். நான் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். உருண்டைக் கண்ணும் சின்ன வாயுமாய் அது எங்கள் தெருவில் யாரோ ஒருவரைப் போலவே இருந்தது. போகட்டும், வாய் சின்னதுதானே என்று சித்தப்பா விட்டுவிட்டார்.

ஒன்றை ஒன்று தின்னவில்லை. ஆனாலும் செத்தன.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு குடம் போலக் குறைந்தது. குறையவிடக் கூடாது என்று சித்தப்பா என் நகப்பூச்சை வாங்கிக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். மத்தியானம் விழுப்புரத்திலிருந்து திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கோடு வரைக்கும் கடல் தண்ணீர் ஊற்றுவார். ஒரு நாள் தவறவில்லை. கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதிலிருந்து ஒரு சொட்டு சேர்க்க மாட்டார். கடல் மீனுக்குக் கடல்தான் வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் மீன்கள் முதலில் தீனியை மறந்தன. பிறகு அடியில் உட்கார்ந்து செவுளை வேக வேகமாக ஆட்டின. ஒரு மாதம் முடிவதற்குள் பேத்தை ஒன்றுதான் மிச்சம்.

சித்தப்பா கவலையாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "கடல்ல தண்ணி கொறையறதே இல்ல. அதான் அங்க மீனு சாவறதில்ல. நம்மதான் பத்தாம ஊத்தறோம்."

அது சரியென்றுதான் எல்லோருக்கும் பட்டது. அம்மாவிடம் கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும், நான் அடுப்படிக்காரி என்றாள். தொட்டியைக் கழுவிப் புதுக் கடல் நிரப்பினார்கள். வைகாசியில் அக்கா மறுபடி ஓரா கொடுத்தாள், மறுபடி மடவை கொடுத்தாள்.

இந்தத் தடவை தண்ணீர் குறைவே கூடாதென்று சித்தப்பா ஏற்பாடு செய்தார். கொல்லையில், விற்றுப்போன பசுமாட்டின் கழுநீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரம் டிரம்மாகக் கடல் தண்ணீரை அதில் கொட்டி வைத்தார். தினமும் சாயங்காலம் அதிலிருந்து குடத்தில் மொண்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, சிவப்புக் கோடு வரைக்கும் ஊற்றுவது என் வேலை. அவர் அந்த நேரத்துக்குத் தூங்கியாக வேண்டும்.

நாலு நாள் ஒழுங்காகச் செய்தேன். ஐந்தாம் நாள் அரிவாள்மணையில் உள்ளங்கையைக் கீறிக்கொண்டேன். அந்தக் கையோடு உப்புத் தண்ணீரைத் தொட்டபோது உச்சி வரைக்கும் எரிந்தது. கிணற்றடியில் நல்ல தண்ணீர் வாளியில் இருந்தது. ஒரே ஒரு நாள்தானே என்று அதை ஊற்றினேன். தண்ணீருக்கு நிறமா இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது. மறுநாளும் கை எரியும்போல் இருந்தது. அதற்கு மறுநாள் கை ஆறிவிட்டது. ஆனால் கை ஆறின பிறகும் பழகின கால் கிணற்றுக்குத்தான் போனது. திருட்டுக்கு முதல் நாள்தான் கூச்சம், இரண்டாம் நாளிலிருந்து அது வேலை.

இரண்டு மாதம் அப்படியே போனது. கடலைத் திருடிக் கிணற்றை ஊற்றினேன். மாட்டுத் தொட்டி வழிந்து என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தேன். வழியவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வெயிலும் ஆடிக்காற்றும் எனக்குக் கூட்டாளியாக இருந்து தொட்டித் தண்ணீரைக் குடித்தன. ஞாயிறு வரும்போது மூன்று டிரம்முக்கு இடம் இருக்கும். பாப்பா ஒழுங்கா ஊத்திக்கினு வருது என்று சித்தப்பா சந்தோஷப்படுவார். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. சுண்ணாம்பா என்று அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரா ஐந்தும் தீனிக்கு முட்டி மோதின. பேத்தை என் விரல் போகிற பக்கமெல்லாம் கண்ணாடிக்கு அந்தப்புறம் கூடவே வந்தது.

ஆனியில் முதலாளி காரில் வந்து பார்த்தார். தொட்டிக்கு முன்னால் நின்று பேத்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு, வேனுக்கு வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிவிடு என்று சித்தப்பாவிடம் சொன்னார். நம்பிக்கைக்கு ஒரு பிரம்பு நாற்காலியையும் அனுப்பிவைத்தார். தொட்டிக்காரர் உட்காரப்போகிற நாற்காலி. சித்தப்பா அதில் எப்படித்தான் இருக்கிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனார். அம்மா எழுப்ப விடவில்லை. முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டு நின்றாள்.

எழுந்ததும் அவர் சொன்னதுதான் எனக்கு விஷமாகிவிட்டது. "எல்லாம் எங்க பாப்பா கை ராசி. தெனம் ஒரு கொடம் கடல அந்தக் கையாலதான் சொமந்துச்சி."

அவர் ஞாயிறு தூக்கத்தையும் விட்டுவிட்டு இருபது மைல் குலுக்கிக் கொண்டுவருகிற தண்ணீரை நான் மாட்டுத் தொட்டியில் வெயிலுக்கு விட்டிருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு மயிலம் போனோம். அம்மா சித்தப்பாவின் வேலைக்காக வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேறொன்று வேண்டினேன்: முருகா, இனிமேல் கடல் தண்ணீர்தான் ஊற்றுவேன், இத்தனை நாள் ஊற்றாமல் விட்டதையும் சேர்த்து ஊற்றிவிடுகிறேன், மன்னித்துவிடு.

சொன்னபடி செய்தேன். மறுநாளிலிருந்து தினமும் மீன் தொட்டியிலிருந்து இரண்டு குடம் மொண்டு வெளியே ஊற்றினேன். மாட்டுத் தொட்டியிலிருந்து மூன்று குடம் மொண்டு உள்ளே ஊற்றினேன். இரண்டு மாதமாகத் தேங்கிச் சுண்டின தண்ணீர். கையில் பட்டால் பிசுபிசுத்தது. காய்ந்தால் முழங்கை வரைக்கும் வெள்ளையாகப் பூத்தது. இடுப்பு ஒடிந்தது. ஒடியட்டும், அதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் ஓராக்கள் தீனி எடுக்கவில்லை. ஆறாம் நாள் அடியில் உட்கார்ந்தன. சித்தப்பா பதறிப்போய் வேலையிலிருந்து நேரே வந்து என்னோடு சேர்ந்து மொண்டார். நல்லா ஊத்து பாப்பா, நல்லா ஊத்து என்று சொல்லிக்கொண்டே மொண்டார். இரண்டு பேரும் ஓடி ஓடி ஊற்றினோம். சிவப்புக் கோட்டுக்கு மேலேயே தண்ணீர் நின்றது. ஒன்பதாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியாகப் பேத்தைதான் போனது. எதிரியைக் கண்டால் உப்பிக்கொள்கிற மீன் அது. கடைசி நாள் முழுக்க உப்பியபடியே மிதந்தது. யாரைப் பார்த்துப் பயந்ததோ.

முதலாளி வந்தார். திட்டவில்லை. கடலு நமக்கு ஆவாதுய்யா என்று சொல்லிவிட்டுத் தொட்டியை ஆள் வைத்துத் தூக்கிப்போனார். நாற்காலியை மட்டும் காரின் மேலே கவிழ்த்துக் கட்டினார்கள். நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. பிறகு அந்தத் தொட்டியில் மெட்ராஸ் தங்க மீன் வாங்கி விட்டார், நல்ல தண்ணீரில். அதைப் பார்த்துக்கொள்ள அவருடைய மச்சான் இருந்தார்.

தொட்டி போன அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை கீறினது, கிணற்றுத் தண்ணீர், இரண்டு மாதம், முருகன். கடல் மீனுக்குக் கிணற்றைக் குடிக்கக் கொடுத்தேன், அதுதான் உள்ளே இருந்து இப்போது கொன்றுவிட்டது என்று தேம்பினேன்.

"போவுது வுடு பாப்பா" என்றார். "எனக்குந்தான் அந்தப் புளியமரத்தாண்ட தூக்கம் வந்துச்சி. ஒடம்பு அசந்தா என்னா பண்ணும்."

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அதே வேனை ஓட்டினார். தினமும் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டித்தான் போவார். பாத்தியில் கட்டின கடல் தண்ணீர் வெயிலில் காய்ந்து, தண்ணீர் மட்டும் போய், உப்பு அப்படியே நிற்பதை எத்தனை தடவை பார்த்திருப்பாரோ. நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தால் மட்டும் போதுமா.

எனக்கு விளங்கியது கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு, என் அடுப்பில். குழம்பு சுண்டி உப்புக் கரித்தது. கை தன்னால் சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றியது. ஊற்றின கை அப்படியே நின்றுவிட்டது. சுண்டின குழம்புக்கு யாராவது உப்புத் தண்ணீர் ஊற்றுவார்களா? வெயில் குடித்தது தண்ணீரை மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே இருந்தது. நான் திருட்டுத்தனமாக ஊற்றின கிணற்றுத் தண்ணீர்தான் அந்த மீன்களை இரண்டு மாதம் வாழவைத்தது. கொன்றது என் நேர்மை. அதற்கு முன்னால் சித்திரையில் கொன்றது அவருடைய உழைப்பு.

சொல்லிவிட வேண்டுமென்று அந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். சித்தப்பா வேனை விட்டு, முதுகு வளைந்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பிள்ளைகளிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கம்மா சின்னதுல கை வலிக்குதுன்னு கெணத்துத் தண்ணிய ஊத்திடுச்சி, பச்சப் புள்ள, அதுக்கென்னா தெரியும் என்று சிரித்தார். இத்தனை வருஷமும் என்னை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கையில் எதைக் கொடுப்பது? காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாற்காலி போன அந்தச் சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. நான் சித்தப்பாவிடம் வாய் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். அம்மா முந்தின நாள் மீன்குழம்பைச் சூடுபண்ணி இறக்கினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுண்டிப் போச்சி, கடலாட்டம் கரிக்குது என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றி, மறுபடி ஒரு கொதி விட்டு, சித்தப்பாவின் தட்டில் போட்டாள். இப்ப சரியா கீது அண்ணி என்று அவர் சாப்பிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் பாவத்தை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்ததில், அம்மாவின் கையை நான் கவனிக்கவே இல்லை.